ஆட்டமும் ஜீவனமும்

கீழ்ப்பழனி மலைகளின் அடிவாரத்தை ஒட்டி, வாழையும் தென்னையும் மல்லிகையும் செழிக்கும் நிலக்கோட்டைச் சமவெளியில் அமைந்த சேவுகம்பட்டி, தை மாதத்தில் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு கூடை கூடையாக வாழைப்பழங்களைச் சூறைவிடும் திருவிழாவினால் வெளியூர்களிலும் பேர்பெற்ற ஊராகும். அந்தத் தை மாதமே இந்தப் பிரதேசமெங்கும் கபடிக்கும் உரிய பருவமாக இருக்கிறது. அறுவடையும் பண்டிகையும் ஒருசேர வரும் அந்நாட்களில், ஊர்ப் பொதுவெளியின் மண்ணைக் கொத்திச் சலித்துப் பரப்பி, சுண்ணாம்பால் கோடிழுத்து, நான்கு மூலைகளிலும் கம்பம் நட்டு விளக்குக் கட்டி, இரவு முழுவதும் நடத்தப்படும் மின்னொளிக் கபடிப் போட்டிகளுக்கு வத்தலக்குண்டிலிருந்தும் பட்டிவீரன்பட்டியிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் குழுக்கள் வேனிலும் குட்டியானையிலும் வந்து இறங்குகின்றன. இந்த இரவுகளை ஊரார் உற்சவத்தின் ஓர் அங்கமாகவே காண்கிறார்கள். ஆனால், களத்தில் இறங்கும் இளைஞனுக்கு அது உற்சவம் மட்டுமன்று. தன் தேகத்தை மூலதனமாக வைத்து அவன் நடத்தும் ஒரு வாழ்க்கை முயற்சியின் முதற்படியும் அதுவே. அந்த முயற்சி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு தூரம் செல்கிறது, முடிந்தபின் அவனை எந்த நிலையில் விட்டுச் செல்கிறது என்ற கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆட்டத்தையே சற்று அருகிலிருந்து காண்போம். எடைப் பிரிவுப் போட்டியாக இருந்தால், களத்துக்குப் போகுமுன் எடை மெஷினில் ஏறி நிற்கவேண்டும். கால் கிலோ கூடிவிட்டால் பையன் சட்டையையும் கயிறுகளையும் கழற்றிவைத்துவிட்டு, வேர்வை சொட்டுமளவுக்கு மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டுத் திரும்பவும் ஏறி நிற்கிறான். காலையிலிருந்து தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காத அந்த உடம்போடுதான் அவன் நள்ளிரவில் ஆடுகிறான். பாடிப் போகிறவன் நடுக்கோட்டைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு எதிர்ப்புறம் நுழைகிறான். ஆண்களுக்கான களம் நீளத்தில் 13 மீட்டரும் அகலத்தில் 10 மீட்டருமே ஆதலால், அவன் நுழைந்த பாதியில் ஒளிவதற்கு இடமே கிடையாது. முப்பது விநாடிகளுக்குள், மூச்சு அறாமல், ஏழு பேரில் ஒருவரையேனும் தொட்டுத் திரும்பவேண்டும். போனஸ் கோட்டுக்கு அவன் காலை நீட்டுகிற அதே கணத்தில் மூலையில் நிற்பவன் கணுக்காலில் விழுந்து பிடிக்கிறான். கைகோத்து நின்ற இருவர் பக்கவாட்டிலிருந்து மோதுகிறார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் நாலைந்து தேகங்களின் பாரம் ஒரே ஒரு முழங்காலின்மேல் சரிகிறது. அந்த முழங்கால் தாங்கிவிட்டால் கைதட்டல். தாங்காவிட்டால் ஒரு குடும்பத்தின் வருமானம் அங்கேயே நின்றுபோகிறது.

கோப்பையும் ரொக்கப் பரிசும் வாங்கிக்கொண்டு விடியற்காலையில் ஊர் திரும்புகிறவனுக்கு அன்றைய தினம் வேலைக்குச் செல்வது அசாத்தியம். மல்லிகை பறிப்பு விடியுமுன்பே தொடங்கிவிடும். தேங்காய் வெட்டுக்கும் வாழைத்தார் சுமப்பதற்கும் தூக்கமில்லாத, வீங்கிய முழங்கால் உதவாது. பரிசுத் தொகையைப் பலர் பங்கிட்டுக்கொண்டு, வண்டி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக மிஞ்சுவதை, இழந்த நாட்கூலியோடு ஒப்பிட்டால் பல சமயங்களில் நஷ்டமே தேறும். ஆடுகிறவன் இழக்கும் வேலைநாளுக்கு யார் பொறுப்பு என்னும் இந்தக் கேள்வி நம் ஊர்களில் வாய்விட்டுக் கேட்கப்பட்டதே இல்லை. ஆனால், உலகின் வேறொரு மூலையில், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன், இதே கேள்வியை வெளிப்படையாகக் கேட்டதன் விளைவாக ஒரு புதிய விளையாட்டே பிறந்தது. அந்தச் சரித்திரம் நமக்கு மிகவும் பயன்படக் கூடியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்‌ஷயர், லங்காஷயர் மாவட்டங்களில் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் உழைத்த தொழிலாளிகள். சனிக்கிழமை வேலையை விட்டு ஆடச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். அடிபட்டுப் படுத்தால் வாரக்கணக்கில் அடுப்பு எரியாது. எனவே, இழந்த வேலைநேரத்துக்கு மட்டும் ஈடு கொடுக்க அனுமதிக்கவேண்டும் என்று யார்க்‌ஷயர்ப் பிரதிநிதிகள் 1893ஆம் ஆண்டு லண்டனில் கூடிய ரக்பி யூனியனின் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். பள்ளிப் பருவத்திலிருந்தே பொழுதுபோக்காக ஆடிப் பழகிய செல்வந்தர்களின் ஆதிக்கத்திலிருந்த அந்தச் சபை, பணம் தொட்டால் விளையாட்டின் புனிதம் கெட்டுவிடும் என்று கருதி, 136க்கு எதிராக 282 வாக்குகளால் அதைத் தள்ளிவிட்டது. இரண்டாண்டு கழித்து, 1895 ஆகஸ்டு 29ஆம் தேதி, ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனி அமைப்பாகப் பிரிந்தன. வேலையிழப்புக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்பது அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட முதல் விதிகளில் ஒன்று. பிற்காலத்தில் ரக்பி லீக் என்று வழங்கப்பெற்ற ஆட்டத்தின் தோற்றம் இதுவே.

1898இல் ஊதியம் பெற்று ஆடுவது அங்கே பகிரங்கமாக ஏற்கப்பட்டபோதும், வீரன் வேறொரு தொழிலிலும் கட்டாயம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. வேலையில்லாதவன் ஆடலாகாது என்ற அந்த விதி சில வருஷங்களில் நீக்கப்பட்டது; எனினும் ஆட்டக்காரனுக்கு ஆட்டத்துக்கு வெளியே ஒரு ஜீவனம் வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சமூகத்தைவிட்டு நெடுங்காலம் நீங்கவில்லை. வாரநாட்களில் சுரங்கத்திலும் வாரக் கடைசியில் மைதானத்திலும் உழைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். பிரிட்டனில் முழுநேரத் தொழில்முறைக் குழு என்பது 1980களில் விகன் கழகத்தோடுதான் உருப்பெற்றது. 1995இல் ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் தொலைக்காட்சி உரிமைக்காக 8 கோடியே 70 லட்சம் பவுன் தர முன்வந்தபின், அடுத்த ஆண்டு ‘சூப்பர் லீக்’ பிறந்தது. குளிர்காலத்து ஆட்டம் கோடைக்கு மாறியது. வீரனின் வாழ்க்கைப் பாதையும் மாறியது. ஆடுவது ஒன்றே தொழிலாக ஆனதும், பதினெட்டு வயதில் நுழைந்து முப்பதுகளின் தொடக்கத்தில் வெளியேறுகிறவனுக்கு எஞ்சிய வாழ்வில் என்ன வழி என்ற புதிய கேள்வி எழுந்தது. தலையில் மீண்டும் மீண்டும் விழுந்த அடிகளால் மூளை நலிந்ததாகக் கூறி முன்னாள் வீரர்கள் பலர் இன்று நிர்வாக அமைப்பின்மேல் வழக்குத் தொடுத்திருப்பது அந்தக் கேள்வியின் கசப்பான தொடர்ச்சி.

ரக்பி லீக்குக்கும் கபடிக்கும் ஆட்டமுறையில் சில ஒற்றுமைகள் இருப்பது மெய்யே. ஆயுதமோ கவசமோ இன்றி, முன்னேறி வரும் மனிதனை வெறும் உடல்வலிவாலும் உத்தியாலும் மறித்து வீழ்த்துவதே இரண்டின் சாரம். அங்கே பதின்மூன்று பேர். பந்தோடு வருபவன் ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரிக்குப் போகிறது. இங்கே ஏழு பேர். ஒரு குழு தொடர்ந்து மூன்றாவது முறையும் புள்ளியின்றித் திரும்பினால், கடைசியாகப் பாடிப் போனவன் வெளியேறவேண்டும். ஆனால் இவற்றினும் ஆழமான ஒற்றுமை, இரண்டும் உழைக்கும் மக்களின் ஆட்டங்கள் என்பதிலும், இரண்டையும் தொழிலாக்கிய கரம் தொலைக்காட்சியினுடையது என்பதிலும் இருக்கிறது. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது அதை வீடுதோறும் கொண்டு சேர்த்த ஸ்டார் நிறுவனமும் அந்நாளில் மர்டாக்கின் உடைமையே என்பதை நினைத்துப் பார்த்தால், ஹட்டர்ஸ்ஃபீல்டின் சரித்திரம் நமக்கு அந்நியமானதன்று என்பது விளங்கும். 2015இல் லீகை நடத்தும் நிறுவனத்தின் 74 சதவீதப் பங்குகளையும் ஸ்டார் வாங்கிக்கொண்டது.

ஆனால், தொலைக்காட்சி வருவதற்கு முன்பே கபடி வீரனுக்கு ஒரு ஜீவன மார்க்கம் இந்நாட்டில் உருவாகியிருந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் ஆடிக் காட்டிய இவ்விளையாட்டு, 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டில்தான் பதக்கத்துக்குரிய ஆட்டமாக இடம்பெற்றது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ரயில்வே, ராணுவம், காவல் துறை, பொதுத்துறை ஸ்தாபனங்கள் ஆகியவை தத்தமக்குக் குழு அமைத்து, நன்றாக ஆடுகிறவனுக்கு உத்தியோகம் கொடுத்துவந்தன. ஊர்க் களத்தில் ஆடுகிறவன் மாவட்டத்துக்கும், பின்னர் மாநிலத்துக்கும் ஆடி, சீனியர் நேஷனல்ஸில் கண்ணில் பட்டு, ஓர் இலாகாவில் சேர்ந்துவிட்டால், மூட்டு தேய்ந்தபின்னும் அவனுக்கு மாதச் சம்பளம் உண்டு. அறுபது வயதில் ஓய்வும் உண்டு. ஹட்டர்ஸ்ஃபீல்டுத் தொழிலாளிகள் கேட்ட இழப்பீட்டை நம் நாடு உத்தியோகத்தின் வடிவில் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் பாதையின் கீர்த்தி மிக்க உதாரணம் தூத்துக்குடி மாவட்டத்து மணத்திக் கிராமத்தைச் சேர்ந்த கணேசன். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்று, 1995ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதைப் பெற்ற அவருடைய வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன்’ திரைப்படம் 2025இல் வெளிவந்த பிறகு, ஒரு தலைமுறை கழித்து, அவர் பெயர் தமிழ்நாடெங்கும் மறுபடி ஒலித்தது. வயற்காட்டு ஊரிலிருந்து வரும் ஒருவனுக்குக் களத்தில் எதிராளியைவிடக் களத்துக்கு வெளியே சாதியும் பகையும் வறுமையும் எவ்வளவு வலிய எதிரிகளாக நிற்கின்றன என்பதை நம் சமூகம் அந்தத் திரைப்படத்தின் வாயிலாகவேனும் ஒருமுறை நேராகப் பார்த்துக்கொண்டது.

2014க்குப் பிந்திய பாதை வேறு. முதல் ஏலத்தில் மிக அதிக விலை பெற்ற ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2018இல் மோனு கோயத் 1 கோடியே 51 லட்சத்துக்கும், 2021இல் பர்தீப் நர்வால் 1 கோடியே 65 லட்சத்துக்கும், 2023இல் பவன் செஹ்ராவத் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் எடுக்கப்பட்டார்கள். பத்தாண்டுக்குள் இருபது மடங்கு ஏறிய இந்த விலையைக் கேட்டு எத்தனையோ கிராமங்களில் பெற்றோர்கள் முதன்முதலாகப் பிள்ளையின் ஆட்டத்தை மதிப்போடு பார்க்கத் தொடங்கினார்கள். அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. ஆயினும், ஏறிய வேகத்தில் இறங்கவும் கூடியது இந்த விலை என்பதை அதே பெயர்களின் பிற்காலம் காட்டுகிறது. பவன் செஹ்ராவத் 2022இல் 2 கோடியே 26 லட்சத்துக்குத் தமிழ் தலைவாஸுக்கு வந்து, அந்த அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்தின் தொடக்க நிமிஷங்களிலேயே முழங்கால் அடிபட்டு அந்த சீசன் முழுவதையும் இழந்தார். 2025 ஏலத்தில் அதே அணி அவரை எடுத்தது 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கு.

பர்தீப் நர்வாலின் வரலாறு இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. 2015இல் லீகுக்குள் நுழைந்து, பாட்னா பைரேட்ஸுடன் தொடர்ந்து மூன்று முறை கோப்பையை வென்று, 2017இல் ஒரே சீசனில் 369 ரெய்டுப் புள்ளிகள் குவித்து, மொத்தம் 1,800 ரெய்டுப் புள்ளிகளைத் தாண்டிய முதல் வீரரான அவரை, 2025 ஏலத்தில் பன்னிரண்டு குழுக்களில் ஒன்றுகூட எடுக்கவில்லை; சில நாட்களில் அவர் ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. ஒரு வக்கீலோ வைத்தியரோ தம் தொழிலில் காலூன்றத் தொடங்கும் வயதில், இந்தத் தொழிலின் சிகரத்தைத் தொட்டவர் அதை முடித்துக்கொண்டு இறங்க நேர்கிறது.

இதற்கு நேரெதிரான உதாரணம் ஒன்றைத் தஞ்சை மாவட்டம் நமக்குத் தந்திருக்கிறது. 1975இல் பிறந்த தர்மராஜ் சேரலாதன், லீக் தொடங்கும்போதே நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். 2016இல் பாட்னாவின் தலைவராக நின்று கோப்பை வென்று, அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்தியக் குழுவிலும் ஆடி, 2019இல் நாற்பத்து நான்காம் வயதிலும் ஹரியானா ஸ்டீலர்ஸுக்காகக் களமிறங்கிய அவரை, தம்மில் பாதி வயதுள்ள வடநாட்டு வீரர்களும் ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள். மூலையில் நின்று பிடிக்கிறவனுக்கு வேகத்தைவிட நிதானமும் காலக்கணிப்பும் முக்கியம் என்பதால் அவரது அனுபவம் வயதை வென்றது. ஆனால், தொலைக்காட்சி லீக் வராதிருந்த இருபது வருஷங்கள் அவர் ஆட்டத்தின் உச்சப் பருவமாக இருந்தன என்பதையும், அந்தப் பருவத்துக்கு யாரும் கோடி ரூபாய் விலை பேசவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி, கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். லீகில் குழுக்கள் பன்னிரண்டு. ஒரு குழுவுக்கு வீரர்கள் அதிகபட்சம் இருபத்தைந்து. ஆக, இந்தப் பெரிய தேசத்தில் முந்நூறு பேருக்கு மேல் இதில் இடமில்லை. அதிலும் வெளிநாட்டவர் உண்டு. குழுவொன்று வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகை 5 கோடி ரூபாய். அதில் இரண்டு கோடியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், மற்ற அனைவரும் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ளவேண்டும். ஏலத்தின் கடைசிப் பிரிவில் அடிப்படை விலை 9 லட்சம். லீக் நடப்பது ஆண்டுக்கு இரண்டு, மூன்று மாதமே. எஞ்சிய மாதங்களில் உடம்பைப் பேணும் செலவு வீரனுடையது. 85 கிலோவுக்கு மேற்படாமல் எடையைக் காத்து, முட்டையும் பாலும் இறைச்சியுமாக உண்டு, மூட்டுக்கு வைத்தியமும் பார்த்துக்கொள்வது கூலி வேலை செய்யும் வீட்டில் எளிதான காரியமன்று. 2020இல் கொரோனாவினால் லீக் முழுவதும் நின்றபோது, மிகச் சில வருஷங்களே நீடிக்கும் இந்தத் தொழிலில் ஒரு வருஷம் முற்றாக அழிந்தது. அதை எந்த ஏலமும் ஈடுசெய்யவில்லை.

பெண்களின் நிலை இதனினும் கடினமானது. 2010இலும் 2014இலும் 2023இல் ஹாங்சோவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை இந்தியப் பெண்கள் வென்றிருந்தும், ஆண்களின் லீகுக்கு நிகராக நிலைத்த ஒரு லீக் அவர்களுக்கு ஏற்படவில்லை. 2016இல் மூன்று குழுக்களோடு நடத்தப்பட்ட ஒரு முயற்சி அந்த ஆண்டோடு நின்றது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகர்க் கார்த்திகா தங்கத்தோடு திரும்பியபோது, தமிழ்நாடு அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது, நாடே பாராட்டியது. அந்தப் பாராட்டு மெய்யானது. ஆனால் அடுத்த பத்தாண்டுக்கு அத்தகைய பெண்ணை ஆட்டத்தில் நிலைநிறுத்துவது பரிசுத் தொகை அல்ல. மாதந்தோறும் வரும் ஒரு சம்பளமே.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது என் அபிப்பிராயம் இது: ஏலம் தரும் விலையும் உத்தியோகம் தரும் காப்பும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது, முன்னது ஒருவனின் சாமர்த்தியத்துக்குக் கிடைக்கும் மதிப்பு, பின்னது அவன் தேகம் இழந்ததற்குக் கிடைக்கும் நீதி. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை போட்டிச் செலவுகளுக்குக் கைகொடுக்கிறது. நலிந்த முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியமும் உண்டு. இவை யாவும் நல்லவையே. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை மாநில, தேசிய அளவுக்கு உயர்ந்தவனையே சென்றடைகின்றன. மாவட்டத்துக்கும் கீழே, தை மாதத்து இரவுகளில் கிராமம் கிராமமாக ஆடித் திரியும் ஆயிரக்கணக்கான இளைஞர்களே இந்த ஆட்டத்தின் வேர். அவர்கள் அடிபட்டால் கேட்பாரில்லை. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஓர் இளம் ஆட்டக்காரர் ஆட்டத்தின் நடுவிலேயே உயிரிழந்த செய்தி தமிழ்நாட்டை உலுக்கியது. உலுக்கப்பட்ட மனம் சில நாட்களில் அமைதியடைந்துவிட்டது.

ஊரளவில் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. போட்டி நடத்தும் கமிட்டியார் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பேனருக்கும் ஒதுக்குவதுபோல், ஆடவருகிற ஒவ்வொருவருக்கும் அந்த இரவுக்குரிய விபத்துக் காப்பீட்டுக்கும் ஒரு தொகை ஒதுக்கவேண்டும். ஆம்புலன்ஸும் முதலுதவி அறிந்த ஒருவரும் இல்லாமல் முதல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. பரிசுத் தொகையில் ஒரு பங்கை வென்றவர்களுக்கென்று மட்டும் வைக்காமல், கலந்துகொண்ட குழுக்கள் அனைத்தின் ஆட்டக்காரர்களுக்கும் மறுநாள் கூலியாகக் கொடுக்கவேண்டும். எடைப் பிரிவுக்காகப் பையன்கள் பட்டினி கிடப்பதைத் தடுக்க, எடை பார்ப்பதை முதல் நாளே முடித்துவிடலாம். பள்ளியை விட்டுவிட்டு ஆடவரும் பிள்ளையை மறுபடி பள்ளிக்கு அனுப்புவது பயிற்சி கொடுப்பவரின் கடமைகளில் முதலாவதாக இருக்கவேண்டும். ஏனெனில் ஒதுக்கீட்டில் வரும் உத்தியோகத்துக்கும் படிப்புத் தகுதி வேண்டும். பதக்கம் மட்டும் போதாது.

ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடியவர்கள் தர்மம் கேட்கவில்லை. உழைக்கிறவன் ஆடவும் உரிமையுள்ளவன், ஆடுவதற்காக அவன் வீடு பட்டினி கிடக்கலாகாது என்ற எளிய நியாயத்தையே கேட்டார்கள். அதற்கு அவர்கள் நிர்ணயித்த விலை நாளுக்கு ஆறு ஷில்லிங். நம் ஊர்களின் கபடி கமிட்டிகள் இந்த வருஷத்துத் திருவிழாவுக்கு வரவுசெலவுத் திட்டம் போடும்போது, அந்த நியாயத்துக்கென்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுமானால், கோடி ரூபாய் ஏலத்தைப் பற்றி நாம் பெருமை பேசுவதற்கு அன்றைக்குத்தான் உண்மையான தகுதி உண்டாகும்.